ஐப்பசிக் கடல்

நுழையும்முன்

உழைப்பின் உயர்வைப் பற்றி நாம் பலமுறை படித்திருக்கிறோம். உழைப்பைப் போலவே ஓய்வும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என்பதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. நாற்பதாண்டுகள் ஒரே அறையில் அமர்ந்து உழைத்த கணவனும் மனைவியும் ஓர் ஐப்பசி மாதத்தில் நான்கு நாள்களைக் கடற்கரையில் கழித்தனர். அந்நாள்களைப் பற்றிப் பேசுகிறது இக்கட்டுரை.

கூதிரும் நெய்தலும்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மேலைநாடுகளில் இம்மாதங்களில் மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன. அங்கு இது இலையுதிர்காலம். காவிரிப் படுகையிலோ இது மழைக்காலம். அக்டோபர் மூன்றாம் வாரத்தையொட்டித் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடிக்கிறது. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்தப் பருவத்தில்தான் கிடைக்கிறது. வயல்களில் சம்பா நாற்று வேர்பிடித்து நிற்கும். வாய்க்கால்கள் நிரம்பி ஓடும். கடலின் நிறமும் மாறும். ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலால் கரையோர நீர் செம்மண் கலந்தாற்போலத் தோன்றும்.

அகப்பொருள் இலக்கணம் கூதிர்காலத்தைக் குறிஞ்சிக்கு உரியதாக வகுத்தது. கடலும் கடல்சார்ந்த இடமுமாகிய நெய்தலுக்கு, ஞாயிறு சாயும் பொழுதாகிய ஏற்பாட்டைச் சிறுபொழுதாகவும் இரங்கலை உரிப்பொருளாகவும் தந்தது. பிரிந்து சென்றவரை எண்ணி வருந்தும் நெஞ்சுக்குக் கடற்கரையின் மாலைப்பொழுதைவிடப் பொருத்தமான பின்னணி வேறில்லை என்று முன்னோர் கருதினர். கூதிர்காலத்தைப் பின்னணியாகக் கொண்ட நெடுநல்வாடையிலும் பிரிவுதான் பேசப்படுகிறது. அரசி அரண்மனையில் உறக்கமின்றிக் கிடக்கிறாள். அரசன் பாசறையில் உறக்கமின்றி நடக்கிறான். கடமை அவனை அங்கே நிறுத்தியிருக்கிறது.

பிரிவுக்குப் போர்க்களமும் பாசறையும் தேவையில்லை. ஒரே கூரையின்கீழ், கை நீட்டினால் தொடும் தொலைவில் இருந்துகொண்டே பிரிந்திருப்போரும் உண்டு. அவர்களைப் பிரித்து வைத்திருப்பதும் கடமைதான். மயிலாடுதுறையில் தையற்கடை நடத்திய ஓர் இணையரின் வாழ்வு அத்தகையது.

தீபாவளித் தையல்

எட்டடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட கடை அது. நடுவில் துணி வெட்டும் பலகை. அதன் வலப்புறம் தையல் இயந்திரம். கணவர் இயந்திரத்தில் அமர்வார். அவருக்கு இடப்புறம் தாழ்வான ஒரு முக்காலியில் மனைவி அமர்ந்து காஜா எடுப்பார், பொத்தான் வைப்பார், ஓரம் மடித்துக் கையால் தைப்பார். 1984ஆம் ஆண்டு, திருமணமான மூன்றாம் மாதத்தில் அந்த முக்காலியில் அமர்ந்தவர் அவர். அதன்பின் இடம் மாறவேயில்லை.

உழவருக்குத் தை எப்படியோ, தையல்காரருக்கு ஐப்பசி அப்படி. தீபாவளிக்கு நாற்பது நாள்களுக்கு முன்பே துணிப்பொதிகள் வரத் தொடங்கிவிடும். ஒவ்வொரு பொதியிலும் பெயரும் அளவும் எழுதிய துண்டுத்தாள் குத்தப்பட்டிருக்கும். பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, 'இனிப் புதிய துணிகள் பெறப்படா' என்ற அட்டையைக் கதவில் தொங்கவிடுவார்கள். அதன்பிறகும் தெரிந்தவர்கள் வருவார்கள், மறுக்க இயலாது. கடைசி ஒரு வாரம் விளக்கு அணையாது. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் எழுந்து தேநீர் வைக்க, மற்றவர் அரைமணி நேரம் பலகையின்மேல் தலைசாய்ப்பார். பேசுவதற்கு நேரமிராது. "நூல்", "கத்தரி", "பாபின் சுத்து", "இது யாருது?" என்ற சொற்களுக்கு அப்பால் இருவருக்குமிடையே அந்த வாரத்தில் உரையாடல் இருந்ததில்லை.

ஊரெல்லாம் புத்தாடை உடுத்தும் அந்த விடியற்காலையில், மனைவியின் புதுச் சேலைக்குரிய ரவிக்கைத் துணி மட்டும் வெட்டப்படாமல் கிடக்கும். அது கார்த்திகைத் தீபத்துக்குள் தைக்கப்பட்டால் உண்டு. "நம்ம வீட்டு வேலைதானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் அவர். அவரும் பொய் சொல்லவில்லை. அவருடைய மனைவியும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அவ்வாறே நாற்பது தீபாவளிகள் கடந்தன.

தொழிற்சாலைகள் சட்டம் 1948ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறையை அது உறுதிசெய்தது. சொந்தக் கடையில் தானே முதலாளியும் தானே தொழிலாளியுமாக இருப்பவருக்கு அத்தகைய விடுமுறையை யாரும் தருவதில்லை. தானே தனக்குத் தந்துகொள்ள வேண்டும். அவ்வாறு தந்துகொள்ளும் துணிவு பலருக்கும் வருவதில்லை. ஒருநாள் கடை மூடினால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சம் அவர்களைப் பூட்டி வைத்திருக்கிறது.

குறைந்த பொதிகளும் குறைந்த பார்வையும்

அண்மை ஆண்டுகளில் பொதிகள் குறைந்தன. ஆயத்த ஆடைகள் எல்லா அளவுகளிலும் எல்லா விலைகளிலும் கிடைக்கின்றன. துணி எடுத்து, அளவு கொடுத்து, இருமுறை கடைக்கு நடந்து பெறும் ஆடைக்காக இன்று காத்திருப்போர் சிலரே. அவ்விணையரின் ஒரே மகளும் திருப்பூரில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில்தான் கணக்கராகப் பணிபுரிகிறார். தந்தையின் தொழிலைச் சுருக்கிய அதே தொழில்தான் மகளின் குடும்பத்தைக் காத்துவருகிறது. இதில் யாரைக் குறைகூறுவது?

பொதிகள் குறைந்ததை அவர் தாங்கிக்கொண்டார். பார்வை குறைந்ததைத் தாங்கிக்கொள்வது எளிதாக இல்லை. வெட்டுக்கோடு இடப்பக்கம் விலகுவதை முதலில் கண்டவர் மனைவிதான். கண் மருத்துவமனையில் ஆய்ந்து பார்த்தபோது, கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் என்று தெரிந்தது. இடக்கண் பார்வையின் பெரும்பகுதி போய்விட்டது. வலக்கண்ணின் நடுப்பார்வை நன்றாக இருந்தது. போன பார்வை திரும்பாது. நாள்தோறும் சொட்டு மருந்து இட்டுவந்தால் இருப்பதைக் காத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் விளக்கினார்.

தெரியுமா?
கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி, மெல்ல வளர்வது. ஓரப்பார்வை முதலில் குறைவதால் பலருக்கும் நோய் இருப்பதே நெடுநாள் தெரிவதில்லை. நாற்பது வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களும் குறிப்பிட்ட கால இடைவெளியில் கண்களை ஆய்வு செய்துகொள்வது நலம்.

அந்த ஆண்டுத் தீபாவளிக்கு அவர் புதிய துணி எதுவும் வாங்கவில்லை. கதவில் அட்டை தொங்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கே விளக்கு அணைந்தது. ஒருநாள் பகலில் மனைவியின் ரவிக்கைத் துணியை எடுத்துப் பலகையில் விரித்தார். வழக்கமாகக் கால்மணி நேரத்தில் வெட்டுபவர், அன்று ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். நாற்பதாண்டுகளில் முதல்முறையாகத் தீபாவளிக்கு நான்கு நாள் முன்னதாகவே அந்த ரவிக்கை தயாராக இருந்தது. அதன்பின் கத்தரியை எண்ணெய் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

அதே தெருவில் ஒருவர் கடையையும் இயந்திரத்தையும் விலைக்குக் கேட்டிருந்தார். 'ஒரு வாரத்தில் சொல்கிறேன்' என்று இவர் சொல்லியிருந்தார். செய்தியறிந்த மகள் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா, அப்பாவைக் கூட்டிக்கிட்டு நாலு நாள் எங்கயாவது போய்ட்டு வாங்க. தங்குறதுக்கு நான் பணம் கட்டிடுறேன். அங்க போய் ஒரு வேலையும் செய்யாதீங்க. சும்மா இருங்க."

சும்மா இருத்தல் அத்துணை எளிதன்று. தாயுமானவர் முதலிய அருளாளர்கள் அதனை அரிய நிலையாகவே கண்டனர். ஆயினும் மகளின் சொல்லைத் தட்ட இயலவில்லை. தீபாவளி முடிந்த நான்காம் நாள் இருவரும் தரங்கம்பாடிக்குப் பேருந்து ஏறினர்.

முப்பது கிலோமீட்டர்

மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். திருமணமான புதிதில் அவர்கள் அங்கு ஒருமுறை தொடர்வண்டியில் சென்றிருந்தனர். அந்தக் குறுகிய இருப்புப்பாதையில் 1986ஆம் ஆண்டில் வண்டி நிறுத்தப்பட்டது. மறுமுறை போகலாம், மறுமுறை போகலாம் என்று எண்ணியிருக்கையில் வண்டியே நின்றுபோயிற்று. பாதை மறைந்தாலும் சாலை இருந்தது. நாள்தோறும் பேருந்துகள் இருந்தன. ஒருமணி நேரப் பயணத்திற்கு அவர்கள் நாற்பதாண்டு எடுத்துக்கொண்டனர்.

பேருந்து திருக்கடையூரில் நின்றபோது, மாலையும் கழுத்துமாக ஒரு முதிய இணையர் கோயிலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தனர். அறுபது வயது நிறைவடைந்தோர் அங்கே மணிவிழாக் காண்பது வழக்கம். இவருடைய அறுபதாம் பிறந்தநாள் ஒரு புரட்டாசி மாதத்தில் வந்தது. தீபாவளி வேலை தொடங்கிவிட்டதால், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தனர். அது தள்ளியே போயிற்று. இருவரும் அந்த மாலைகளைப் பார்த்தனர். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர். பேருந்து புறப்பட்டது.

தரங்கம்பாடி சிறிய ஊர். அதன் வரலாறு பெரியது. 1620ஆம் ஆண்டில் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் இசைவோடு டென்மார்க் நாட்டினர் இங்குக் கால்கொண்டனர். ஓவ் கெட்டே என்னும் கடற்படைத் தலைவர் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கிறது. 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு இங்கு வந்து இறங்கினார், தமிழ் கற்றார், அச்சுக்கூடம் அமைத்தார். தமிழில் புதிய ஏற்பாடு 1715ஆம் ஆண்டில் இங்கேதான் அச்சேறியது. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718ஆம் ஆண்டினது. 1845ஆம் ஆண்டில் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். அவர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, பாண்டியர் காலத்தில் எழுந்தது மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியை நெடுங்காலமாக அலைகள் அரித்துக்கொண்டு சென்றுள்ளன.

ஊருக்குள் நுழையும் நகரவாயிலைக் கடந்து, இராச வீதி வழியே இருவரும் நடந்தனர். கோட்டைக்குப் பின்புறத் தெருவொன்றில் எளிய விடுதியொன்றில் அறை கிடைத்தது. பையை வைத்த கையோடு மனைவி துடைப்பத்தைத் தேடினார். "இங்க நாம பெருக்க வேண்டாம்மா" என்றார் கணவர். இருவரும் கட்டிலின் இருமுனைகளில் அமர்ந்தனர். என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. அரைமணி நேரம் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மழைநாளின் பாடம்

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு மனைவிக்கு விழிப்பு வந்துவிட்டது. பால் வாங்க வேண்டியதில்லை. உலை வைக்க வேண்டியதில்லை. இருட்டில் எழுந்து சன்னலருகே நின்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மழைக்கு அப்பால் கடல் இரைந்தது. சற்று நேரத்தில் கணவரும் எழுந்து வந்து நின்றார். "ஐப்பசியில் மழை பெய்யும்னு தெரியும். ஆனா பெய்யிறதை உக்காந்து பாத்ததே இல்ல" என்றார் மனைவி. உண்மைதான். அவர்களுக்கு மழை என்பது துணியில் ஈரம் படாமல் காக்க வேண்டிய தொல்லையாகவும் மின்சாரம் நின்றுபோகும் அச்சமாகவும் மட்டுமே இருந்துவந்தது.

காலைச் சிற்றுண்டிக்கு அருகிலிருந்த சிறு உணவகத்திற்குச் சென்றனர். வேறொருவர் சுட்ட தோசை சூடாக இலைக்கு வந்தது. வீட்டில் எல்லாருக்கும் சுட்டு முடித்தபின் இறுதியாக ஆறிய தோசையை உண்டு பழகியவர் அவர். மூன்றாம் தோசை கேட்கத் தயங்கினார். கணவர் கேட்டு வாங்கி வைத்தார். இவ்வளவு சிறிய செய்தியை எழுத வேண்டுமா என்று தோன்றலாம். ஒரு குடும்பத்தில் யார் எப்போது உண்கிறார் என்பதில்தான் அக்குடும்பத்தின் அறம் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது.

மழை நின்றபின் கோட்டைக்குச் சென்றனர். அங்குள்ள அருங்காட்சியகத்தில் பழைய பொருள்களைப் பார்த்தனர். கண்ணாடிப் பேழைகளுக்கு முன் கணவர் தலையை இடப்புறமும் வலப்புறமும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒருமுறை இடப்புறம் நின்ற சிறுவன்மீது மோதிக்கொண்டார். சிறுவனின் தாய், "பாத்து வரக்கூடாதா?" என்றார். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்து மதிற்சுவரில் அமர்ந்துவிட்டார். அன்று மாலைவரை அதிகம் பேசவில்லை. கடையை விற்றுவிடுவதே சரி என்ற எண்ணம் அவருக்குள் உறுதிப்பட்டிருந்தது.

வலை செப்பனிடும் கைகள்

மூன்றாம் நாள் கடல் கொந்தளிப்பாக இருந்தது. புயல் எச்சரிக்கையால் படகுகள் கரையேற்றப்பட்டிருந்தன. மணலில் அடப்பங்கொடி ஊதாப் பூக்களுடன் படர்ந்திருந்தது. படகொன்றின் நிழலில் முதிய மீனவர் ஒருவர் வலையை மடியில் பரப்பி அமர்ந்திருந்தார். அவர் கையில் நூல் சுற்றிய வலையூசி இருந்தது. ஊசியைக் கண்டதும் தையற்காரரின் கால்கள் நின்றன.

"உட்காருங்கய்யா" என்றார் மீனவர்.

வலை கிழிந்த இடத்தில் அவர் உடனே ஊசியைப் போடவில்லை. கத்தியை எடுத்து, பிய்ந்து தொங்கிய கண்ணிகளை நறுக்கினார். கிழிசல் இன்னும் பெரிதாயிற்று. "பெருசாக்கிட்டீங்களே?" என்றார் தையற்காரர். "நைஞ்சதை வெச்சுக்கிட்டு முடிச்சுப் போட்டா நிக்காதுங்கய்யா. நல்ல கண்ணி வர்ற வரைக்கும் வெட்டணும். அப்புறம் அங்கேருந்து கட்டிக்கிட்டு வரணும்" என்றார் அவர். பிறகு ஒரு சிறு பட்டைக்குச்சியை அளவாக வைத்து, ஒவ்வொரு கண்ணியாக முடிச்சிட்டு வந்தார். அவர் கண்கள் பெரும்பாலும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. விரல்கள் தாமாகவே வேலை செய்தன.

பேச்சு விரிந்தது. ஆழிப்பேரலை பற்றி மீனவர் சொன்னார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று எழுந்த அந்த அலை, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுசென்றது. தரங்கம்பாடிக் குப்பங்களும் அதில் சிக்கின. அவர் தம் படகையும் வலைகளையும் இழந்தார். அண்ணன் மகனையும் இழந்தார். "ஆறு மாசம் கடல் பக்கமே திரும்பலை. அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வலை கிழிஞ்சு கிடந்துச்சு. எடுத்துக் கட்டினேன். கை மறக்கலை" என்றார்.

விசைப்படகுகள் சித்திரை, வைகாசியில் 61 நாள்கள் கடலுக்குச் செல்வதில்லை என்பதையும் அவர் நினைவூட்டினார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் உள்ள தடைக்காலம் அது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலமாதலால் கடலுக்கு அந்த ஓய்வு தரப்படுகிறது. ஓய்வு கொடுக்காவிட்டால் கடலும் கொடுப்பதை நிறுத்திவிடும். தையற்காரர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, "கடலுக்கே வருசத்துக்கு ரெண்டு மாசம் ஓய்வு வேணும்னா, மனுசனுக்கு?" என்று மெல்லக் கேட்டார். கேள்வி மீனவருக்கானதா, மனைவிக்கானதா, தமக்கானதா என்று அவருக்கே தெரியவில்லை.

மீனவர் ஊசியை அவரிடம் நீட்டினார். முதல் இரண்டு முடிச்சுகள் நழுவின. மூன்றாவது நின்றது. நாலைந்து கண்ணிகள் கட்டியபின் அவர் கண்களை மூடிக்கொண்டார். விரல்கள் நிற்கவில்லை.

இடப்புறம்

அன்று மாலை இருவரும் கோட்டைக்கு முன்னுள்ள மணலில் அமர்ந்தனர். கீழைக்கடற்கரையில் ஞாயிறு கடலிலிருந்து எழும். ஆனால் நிலத்தின்பின் மறையும். ஆதலால் மாலைநேரத்தில் அமர்ந்திருப்போரின் நிழல் நீண்டு நீண்டு கடலை நோக்கிச் செல்லும். அவர்களின் நிழல்களும் அலையின் விளிம்பைத் தொட்டன. வடகிழக்கில் மேகம் கருத்திருந்தது. அதன் மேல்விளிம்பில் மட்டும் சாயும் வெயிலின் செம்மை படிந்திருந்தது. இலக்கணம் இரங்கலுக்கு வகுத்த பொழுது அது.

மனைவி வழக்கம்போல் அவருக்கு இடப்புறம் அமர்ந்தார். உடனே நினைவுவந்தவராய் எழுந்து வலப்புறம் வந்தார். "அந்தப் பக்கம் இருந்தா உங்களுக்குத் தெரியாதே" என்றார்.

"தெரியாதுதான். நீ அங்கேயே இரும்மா" என்றார் அவர். "நாப்பது வருசமா நான் திரும்பிப் பாத்தா தச்சேன்? கை நீட்டுவேன், நூல் வரும். அந்தப் பக்கம் நீ இருக்கேன்னு பாத்துத் தெரிஞ்சுக்கிட்டதே இல்ல."

மனைவி மீண்டும் இடப்புறம் வந்து அமர்ந்தார். தீபாவளிக்குத் தைத்த அந்தப் புது ரவிக்கையை அவர் அணிந்திருந்தார். அதன் இடக்கைப் பகுதியில் தையல் அரை விரற்கடை விலகியிருந்தது. அவர் நினைத்திருந்தால் பிரித்து நேராக்கியிருக்கலாம். அதற்குக் கால்மணி நேரம் போதும். அவர் பிரிக்கவில்லை. பிரிக்கப்போவதுமில்லை.

இருட்டும்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தனர். பேசியவை பெரிய செய்திகள் அல்ல. தொடர்வண்டியில் முதன்முறை வந்தபோது வாங்கிய வேர்க்கடலை. மகள் பள்ளியில் சேர்ந்த நாளில் தைத்த சீருடை. அன்றிரவே வேறொருவரின் துணி தீய்ந்துபோய் இருவரும் பதறியது. தையல் இயந்திரத்தின் ஓசைக்கிடையே சொல்லாமல் விட்ட சொற்கள் நாற்பதாண்டுகளாகச் சேர்ந்திருந்தன. 'கடையை விற்றுவிட்டால் நான் யார்?' என்று அவர் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டார். 'விற்காவிட்டாலும் நீங்கள் அதே ஆள்தான்' என்ற பொருளில் மனைவி ஏதோ சொன்னார். பின்பு, விற்பதைப் பற்றித் தமக்கென்று ஒரு கருத்து இருப்பதாகவும் சொன்னார். நாற்பதாண்டுகளில் அவர் அவ்வாறு சொன்னதும் முதல்முறைதான்.

ஓய்வும் அறமும்

வேலை மனிதனுக்கு உணவைத் தருகிறது, மதிப்பைத் தருகிறது, பெயரைத் தருகிறது. எனவேதான் வேலை கைவிட்டுப் போகும்போது அவன் தன்னையே இழந்ததாக எண்ணுகிறான். ஓய்வு என்பது வேலையில்லாமல் கிடப்பதாக இருந்தால் அவ்வெண்ணம் சரியாக இருக்கும். அவ்விணையர் கடற்கரையில் பெற்றது வேறு. யாருடைய துணிக்காகவும் அல்லாமல், யாருடைய பண்டிகைக்காகவும் அல்லாமல் ஒருவரையொருவர் அறிவதற்கான நேரம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில்தான் அடுத்து என்ன செய்வது என்ற தெளிவும் பிறந்தது. களைத்த மனம் எடுக்கும் முடிவுக்கும் இளைப்பாறிய மனம் எடுக்கும் முடிவுக்கும் உள்ள வேறுபாடு அது.

ஓய்வு செல்வர்க்கு மட்டும் உரியதென்று எண்ணுவதும் பிழையாகும். மலைவாழிடங்களும் வெளிநாட்டுப் பயணங்களும் எல்லார்க்கும் இயலாமற் போகலாம். முப்பது கிலோமீட்டர் தொலைவில் ஒரு கடலோ, மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஆற்றங்கரையோ பெரும்பாலோர்க்கு இருக்கிறது. அதைவிட அருகில், ஒரே வீட்டில், ஒரே அறையில், இதுவரை கேட்கப்படாத கதைகளுடன் ஒருவர் இருக்கிறார். தந்தையும் தாயும் இறுதியாக எப்போது வேலையின்றி ஒன்றாக அமர்ந்திருந்தனர் என்று பிள்ளைகள் எண்ணிப் பார்த்தால், பல வீடுகளில் விடை கிடைப்பது அரிது.

நான்காம் நாள் இருவரும் ஊர் திரும்பினர். கடை விற்கப்படவில்லை. மனைவி சொன்ன கருத்தின்படி அது வேறு கடையாயிற்று. ஆயத்த ஆடை வாங்குவோர்க்கும் நீளம் குறைக்க வேண்டும். இடுப்பைப் பிடித்துத் தைக்க வேண்டும். கிழிந்ததைச் செப்பனிட வேண்டும். அவ்வேலைகளை மனைவி ஏற்றார். இயந்திரத்தின் முன்னுள்ள இருக்கை இப்போது அவருக்குரியது. கணவர் பலகையருகே நின்று, தையல் பழக வரும் பெண்கள் இருவருக்கு அளவெடுக்கவும் வெட்டவும் கற்றுத்தருகிறார். நைந்ததை நறுக்கிவிட்டு, உறுதியான இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் சொல்லும் முதற்பாடம்.

கடையின் கதவில் புதிதாக ஓர் அட்டை தொங்குகிறது. எழுத்துகள் மனைவியினுடையவை. 'ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறுகளிலும்.'

கற்பவை கற்றபின்

1. உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ செய்துவந்த தொழிலில் அவர்களுக்கு ஓய்வு எந்தக் காலத்தில் கிடைத்தது என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 'உழைப்பைப் போலவே ஓய்வும் ஓர் உரிமை' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. உங்கள் ஊரில் பயன்படும் தையல், வலை முடைதல், தச்சு ஆகிய தொழில்களில் ஒன்றைத் தேர்ந்து, அத்தொழிலுக்குரிய சொற்களைத் தொகுத்துப் பொருளுடன் பட்டியலிடுக.